பன்னிரண்டு நிமிடம் பிசைய வேண்டிய மண்

ஜனார்தனனின் வலது கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பேசும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், மேலதிகாரி திட்டும்போதும் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும், இல்லாத ஏதோ ஒன்றை நசுக்கிப் பட்டையாக இழுப்பதுபோல. கல்யாணப் பந்தியில் தயிர்சாதம் விழுந்தால் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். இவர் முதலில் பிசைந்து பார்த்து, அதில் எவ்வளவு களிமண் எவ்வளவு மணல் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிய பிறகே வாயில் வைப்பார்.

"ஏன்னா, அந்தக் கையைக் கொஞ்ச நாழி சும்மா வெச்சிண்டிருக்கப்படாதா? பாக்கறவா வாதமான்னு கேக்கறா" என்று அவர் மனைவி செங்கமலவல்லி இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறாள். வாதம் இல்லை, உத்தியோகம். திருவள்ளூரில் உள்ள மண் ஆய்வு அலுவலகம் ஒன்றில் அவர் கள உதவியாளர். மார்பளவு குழி தோண்ட வைத்து, அதற்குள் இறங்கி நின்று, குழியின் சுவரில் அடுக்கு அடுக்காகத் தெரியும் மண்ணில் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கரண்டி சுரண்டி, நனைத்து, உள்ளங்கையில் பிசைந்து, விரலிடுக்கில் பட்டையாக இழுக்க வேண்டும். பட்டை நீளமாக வந்தால் களி. இழுக்கும் முன்பே உடைந்தால் மணல். நடுவில் நின்றால் நடுவில் உள்ளது. கருவி என்று எதுவும் கிடையாது. மாவட்டத்தின் மண் வரைபடத்தில் பாதி இவருடைய கட்டைவிரல் சொன்னது.

கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் இப்படி ஒருவர் எப்படி வந்தார் என்பதற்குக் கல்லூரிதான் காரணம். அப்பா மடைப்பள்ளியில். அண்ணா சன்னிதியில். ஜனார்தனனை மட்டும் படிக்க வைத்தார்கள். அவர் வேதியியலில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு வயதில் தினக்கூலிக்கு மண் தோண்டும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். வீட்டில் மண்ணைத் தொடுகிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் நெற்றியில் நாள் தவறாமல் திருமண் இட்டுக்கொண்டு கிளம்புகிறவரும் அவர்தான். அந்த வெள்ளைக் கட்டி, பாறை லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி, கரைய வேண்டியதெல்லாம் கரைந்துபோன பிறகு மிஞ்சும் ஒரு வகைக் களி என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னார். பெருமாள் பாதத்தைப் பற்றிப் பேசும்போது ரசாயனம் பேசாதே என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

கூட வேலை செய்கிறவர்கள் மண்ணை நனைக்க உள்ளங்கையில் துப்பிக்கொள்வார்கள். உலகம் முழுக்கக் களத்தில் அதுதான் வழக்கமாம். ஜனார்தனனால் அது முடியவில்லை. குழிக்குள் இறங்கினாலும் எச்சில் எச்சில்தான். கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிக்கொண்டு போவார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து கிராமங்களில் இதனால் 'பாட்டில் ஐயரு' என்று பெயர். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று முதல் ஐந்து வருஷம் திருத்திப் பார்த்தார். திருவள்ளூரில் நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பது வரைக்கும் பிரித்துப் பார்க்கிற தெருவில் பிறந்த மனிதருக்கு, இருபது கிலோமீட்டர் தாண்டினால் அந்தப் பிரிவு யாருக்கும் தெரியவில்லை என்பது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு விட்டுவிட்டார். மண்ணும் அப்படித்தானே என்று சமாதானம். நாவக்கரணை மேட்டை எடுத்துக்கொண்டால், ஊர்க்காரர்களுக்கு அது செம்மேடு. வருவாய்த் துறைக்குத் தரிசு. லாரிக்காரர்களுக்கு கிராவல். புத்தகத்தில் அதற்கு 'அல்டிசால்' என்று ஒரு பெயர். அதைவிட இன்னும் அதிகம் மழையில் அடிபட்டிருந்தால் 'ஆக்சிசால்'. நாலு பேரும் ஒரே மேட்டைத்தான் சொல்கிறார்கள். நாலு பேருக்கும் அதை வைத்து வேறு வேறு காரியம்.

அந்த மேடுதான் போன ஜூன் மாதம் ஜனார்தனனின் தூக்கத்தைக் கெடுத்தது.

தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சாயக் கம்பெனி, தன் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு தேக்கி வைக்க ஒரு குளம் வெட்ட நாவக்கரணை மேட்டில் எட்டு ஏக்கர் கேட்டிருந்தது. சுத்தம் செய்த நீர் என்பது அவர்கள் சொல். மேட்டுக்குக் கீழே நாற்பது வீடு, ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. கம்பெனி கொடுத்த பரிசோதனைக் கூட அறிக்கை, அந்த மண்ணில் நூற்றுக்கு ஐம்பத்தாறு பங்கு களி என்றது. அவ்வளவு களி இருந்தால் தண்ணீர் இறங்காது. எட்டு ஏக்கருக்கு விலை கட்டுபடியாகாத பிளாஸ்டிக் விரிப்பைக் குளத்துக்கு அடியில் போட வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கத்தின் பழைய மண் விவர அட்டை, 2003-ல் எழுதியது, அதே மண்ணை மணற்பாங்கு, தண்ணீர் வேகமாக இறங்கும் என்றது. இரண்டில் எது சரி என்று நேரில் பார்த்துச் சொல்லும்படி மேலிடம் கேட்டிருந்தது. பழைய அட்டையின் கீழே இருந்த கையெழுத்து ஜனார்தனனுடையது.

அலுவலகத்தில் அவருக்கு மேலே இருப்பவர் ஷைனி என்ற அதிகாரி. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், முப்பத்தாறு வயது. அவர் ஊரில் இந்தச் செம்மண் வகையறாவைப் பாளம் பாளமாக வெட்டி வீடு கட்டுகிறார்கள். இங்கே இதை லாரியில் அள்ளி ரோட்டில் கொட்டுகிறார்களே என்பது அவருடைய நிரந்தர வியப்பு. கம்பெனி பரிசோதனைக்கு அனுப்பியிருந்த மண் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து, ஜனார்தனன் முன்னாலேயே பிசைய ஆரம்பித்தார். இரண்டு நிமிடத்தில் மணல் மாதிரி நெறுநெறுவென்று இருந்தது. ஜனார்தனன் ஆறுதலாக மூச்சு விட்டார். ஷைனி நிறுத்தவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே பிசைந்தார். ஏழாவது நிமிடம் மண் ஒட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிடம் மேஜைமேல் இரண்டு அங்குல நீளத்தில் ஒரு சிவப்புப் பட்டை, உடையாமல், பளபளவென்று கிடந்தது.

ரொம்பப் பழைய மண்ணில் துருவேறிய இரும்பு, களியைச் சின்னச் சின்ன மணியாகக் கட்டி வைத்துவிடும் என்று ஷைனி விளக்கினார். கைக்கு அது மணல் மாதிரியே ஏமாற்றும். விடாமல் பிசைந்தால் மணி உடைந்து உள்ளே இருக்கும் களி வெளியே வரும்.

"ரெண்டு நிமிஷத்துல கையை எடுத்திருக்கீங்க சார்" என்றார்.

அந்த இரண்டு நிமிடத்தில் செங்கமலவல்லிக்கும் பங்கு உண்டு. 2003-ல் நாவக்கரணைக் குழிக்குள் ஜனார்தனன் நின்ற அன்று மாலைதான் அவளைப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டியில் மத்தியானம் மூன்று ஐம்பது மின்சார ரயிலை விட்டால் பேசின் பிரிட்ஜில் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர ஏழரை ஆகிவிடும். ராகுகாலம் வேறு குறுக்கே இருந்தது. வழக்கமான மண் இரண்டு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும். இது சொன்ன பொய்யை எழுதிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். அதே வாரம் அதே நிறத்தில் இன்னும் பத்து மேடுகள். முதல் அட்டையில் மணல் என்று எழுதிவிட்ட கை, அடுத்த பத்திலும் மணலையே தேடியது, கிடைத்தது.

மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு ஷைனி ஒன்று சொன்னார். இது கம்பெனி அனுப்பிய மூட்டை, எந்தக் குழியில் எடுத்தார்களோ. இதை வைத்து நான் எதுவும் எழுதமாட்டேன். புதன்கிழமை எல்லோரும் மேட்டுக்குப் போகிறோம், அங்கே உங்கள் கை என்ன சொல்கிறதோ அதுதான்.

நியாயமான பேச்சு. ஜனார்தனனுக்கு அதைவிட அநியாயமாக வேறொன்றும் பட்டதில்லை. புதன்கிழமை குழிக்குள் இரண்டே நிமிடம் பிசைந்து மணல் என்று சொன்னால், அவர் மானமும் தப்பும், கிணறும் தப்பும். பன்னிரண்டு நிமிடம் பிசைந்து உண்மையைச் சொன்னால் இரண்டும் போகும். ஒரு மனிதன் தன் தப்பிலேயே நிற்பது ஊருக்கு நல்லதாகவும், திருத்திக்கொள்வது கெடுதலாகவும் இருந்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் ஓர் இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தார். சனிக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றப் போய், மூன்று சுற்று சுற்றியும் ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்க்காமல் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து நாவக்கரணைக்குப் போனார். ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டார். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. வழியெல்லாம் அறுத்து முடிந்த நெல் வயல். அதற்கப்பால் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கும் கூடங்கள். இரண்டுக்கும் நடுவே, வெயிலில் காய்ந்த ரத்தம் மாதிரி அந்த மேடு.

மேட்டின் சரிவில் வெட்டிவிட்டிருந்த பழைய பள்ளம் ஒன்றில் இறங்கி, பாட்டில் தண்ணீரை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு பெண்மணி மேலே வந்து நின்றார். பெயர் குணசுந்தரி, ஐம்பது வயசிருக்கும். மேட்டடியில் இரண்டு ஏக்கர் நன்செய், கிணறு இருப்பது அவர் நிலத்தில்.

"இன்னா ஐயரே, சப்பாத்திக்கா?"

ஜனார்தனன் பதில் சொல்வதற்குள் குணசுந்தரியின் முகம் மாறியது. அடையாளம் தெரிந்துவிட்டது. இரு என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தோடு திரும்பினார். 2003-ஆம் வருஷத்து அட்டையின் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு ஏழு முறை அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இது யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையதுதான் என்றார் ஜனார்தனன். அதற்குப் பிறகு கிடைத்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. நாஷ்டா துண்ணாச்சா என்றார், சொம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார், இந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் எப்போதோ பொக்லைன் இறங்கியிருக்கும் என்றார்.

இவ்வளவுக்கும் ஜனார்தனனின் கை ஓயவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் பட்டை வந்தது. மூட்டை பொய் சொல்லவில்லை.

அவரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. பட்டையை நீட்டிக் காட்டி, அந்த அட்டையில் எழுதியது தப்பு, இது மணல் இல்லை, களி என்று சொல்லிவிட்டார். குணசுந்தரி பட்டையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். குரலை ஏற்றாமல்தான் பேசினார்.

"இருவது வருஷமா தப்பாத்தானே இருந்துச்சு? இன்னும் ரெண்டு மாசம் தப்பாவே இருந்தா உனுக்கு இன்னா பேஜாரு?"

ஜனார்தனன் பட்டையை மறுபடி உருண்டையாக உருட்டினார். குணசுந்தரி எரிச்சலோடு, களியாமே களி, மேட்டில் பெய்கிற மழை ஒரு நாள் நின்று பார்த்திருக்கிறோமா, ராத்திரி பெய்தால் காலையில் கொட்டாங்கச்சித் தண்ணி இருக்காது, மூன்றாம் நாள் கிணற்றில் ஏறியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். உபசாரம் அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் ஜனார்தனன் ஷைனியிடம் போய்ப் பழைய அட்டையில் 'தண்ணீர் வேகமாக இறங்கும்' என்பதை யார் அளந்தது என்று கேட்டார். எழுதியவர் நீங்கள்தானே என்றார் ஷைனி. எழுதியது நான், அளக்கவில்லை என்றார் இவர். உண்மை அதுதான். அட்டையில் மணல் என்று எழுதினால், பக்கத்துக் கட்டத்தில் நிரப்ப வேண்டிய வேகம் பின்பக்க அட்டவணையில் அச்சாகி இருக்கும். களி என்றால் மணிக்கு அரை சென்டிமீட்டர். இருபத்தேழு வருஷத்தில் அவர் நிரப்பிய எல்லா அட்டையிலும் மண்ணைத்தான் கை தொட்டது. தண்ணீரை அட்டவணைதான் சொன்னது. கம்பெனியின் அறிக்கையும் அப்படியே செய்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் உப்புக் கரைசலில் போட்டுப் பல மணி நேரம் குலுக்கி மணிகளையெல்லாம் உடைத்து, உள்ளே இருந்த களியை எடை போட்டுவிட்டு, வேகத்துக்கு அட்டவணையைப் பார்த்திருந்தார்கள்.

மேட்டில் யாரும் குலுக்கவில்லையே என்றார் ஜனார்தனன்.

ஷைனி அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, மணி உடையாத வரைக்கும் தண்ணீர் மணிகளுக்கு இடையில் புகுந்து மணலில் போவதுபோலப் போகலாம், புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எல்லா மேட்டிலும் அப்படி இருக்காது, அளந்தால்தான் தெரியும் என்றார். அலுவலகத்தில் அளப்பதற்கென்று இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. சின்னது, பெரியது. ஒன்றுக்குள் ஒன்று வைத்து மண்ணில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வளையங்களைத் தேடியபோது பின்பக்கம் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை மேட்டில் கூட்டம். கம்பெனி சார்பில் தானியேல் என்ற ஆலோசகர் வந்திருந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் மோர் பாக்கெட் கொண்டுவந்திருந்தார். ஊர் ஆட்கள் முப்பது பேர், முன்வரிசையில் குணசுந்தரி. குழி தயாராக இருந்தது. ஜனார்தனன் இறங்கினார்.

வளையம் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாது. வளையத்தை முதலில் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கையைப் பற்றி யோசிக்கலாமே என்று ஒரு ஆசை வந்தது. படிவத்தில் முதல் கட்டம் கைக்கானது. முதல் இரண்டு நிமிடம் ஊரே சிரித்த முகமாக இருந்தது. நெறுநெறுப்புச் சத்தம் மேலேவரை கேட்டது. ஐந்தாவது நிமிடம் யாரோ இன்னும் இன்னாத்துக்குப் பிசையறாரு என்று கேட்டார்கள். எட்டாவது நிமிடம் நெறுநெறுப்புச் சத்தம் நின்றுபோனது. ஜனார்தனனுக்கு உள்ளங்கை எரிந்தது, நெற்றியில் வியர்வை வழிந்து திருமண் கரைந்து புருவத்தில் இறங்கியது. பன்னிரண்டாவது நிமிடம் பட்டையைத் தூக்கிப் பிடித்து, "களி. பழைய அட்டை தப்பு. எழுதினது நான்தான்" என்றார்.

தானியேல் குனிந்து கை கொடுத்தார். கை முழுக்கச் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"வித்துட்டியா ஐயரே?" என்றார் குணசுந்தரி.

ஜனார்தனன் மேலே ஏறி வந்து வளையங்களை எடுத்தார். தானியேல் அட்டவணையைப் புரட்டிக் காட்டினார். களி என்றால் அரை சென்டிமீட்டர், அச்சிலேயே இருக்கிறது, வெயிலில் ஏன் சிரமம் என்றார். ஷைனி, கட்டத்தில் 'அளந்த வேகம்' என்றுதான் அச்சிட்டிருக்கிறது, 'படித்த வேகம்' என்று இல்லை என்றார். வளையத்தின் மேல் பலகையை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் கொண்டுவரவில்லை. ஜனார்தனனின் கழுத்தில் தொங்கிய அரை லிட்டர் பாட்டிலைத் தவிர மேட்டில் தண்ணீரே இல்லை. கிணறு ஒன்றுதான் வழி. அவர் குணசுந்தரியிடம் போய் இருபது குடம் தண்ணீர் வேண்டும் என்றார்.

குணசுந்தரி அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். மேட்டைப் பார்த்தார். அந்த மேட்டில் தண்ணீர் என்ன செய்யும் என்பது அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் சந்தேகமில்லாமல் தெரியும்.

"ஊத்து. எங்க நிக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மோட்டாரைப் போட ஆள் அனுப்பினார்.

முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆறு நிமிடத்தில் போனது. காய்ந்த மண், முதலில் குடிக்கத்தான் செய்யும் என்றார் தானியேல். அதுவும் சரிதான். மறுபடி ஊற்றினார்கள். எட்டு நிமிடம். மறுபடி. பத்து. வேகம் குறையக் குறைய ஜனார்தனனின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் இன்னும் வேகமாக ஊர்ந்தது. பதினொன்றானது, பதின்மூன்றானது. வளையத்தைச் சுற்றி நடந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். அளவுகோலைப் பார்க்கும் வேலையை அவர் செய்தால் சந்தேகம் வரும் என்று ஷைனி அதைத் தானியேலிடமே கொடுத்திருந்தார். தானியேல் குந்தி உட்கார்ந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தன் பேனாவால், தன் எழுத்தில் குறித்துக்கொண்டிருந்தார். எட்டாவது முறை பதினைந்து நிமிடம். ஒன்பதாவது பதினைந்து. பத்தாவதும் பதினைந்து. மேட்டில் யாருக்கும் நிழல் இல்லை, யாரும் போகவும் இல்லை. பதின்மூன்றாவது முறையும் பதினைந்தில் வந்து நின்றபோது தானியேல் பேனாவை மூடினார். மணிக்கு இருபது சென்டிமீட்டர். அச்சில் இருந்ததைப்போல் நாற்பது மடங்கு.

தானியேல் தோற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. கம்பெனித் தண்ணீரில் உப்பு இருக்கிறது, உப்பு பட்டால் இந்த மணிகள் உடையும், உடைந்தால் களி பரவி அடைத்துக்கொள்ளும், நாலைந்து வருஷத்தில் குளம் தானே ஒழுகாமல் நின்றுவிடும் என்றார். ஷைனிக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. விஞ்ஞானம் என்ற அளவில் அதில் பெரிய பிழை இல்லை. குணசுந்தரிக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை.

"அது வரைக்கும் எங்க கெணத்துத் தண்ணிய நீ வந்து குடிக்கிறியா நைனா?"

தானியேல் மோர் பாக்கெட்டைப் பிரித்தார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நாவக்கரணையில் குளம் இல்லை. கோப்பு கம்பெனிக்குத் திரும்பியது. அதற்கடுத்த தபாலில் ஜனார்தனனுக்கு ஒரு குறிப்பாணை. 2003-ல் தவறான விவரம் பதிவு செய்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். பெண் பார்க்கப் போன கதையை அவர் எழுதவில்லை. இரண்டு நிமிடம் பிசைந்தேன், இந்த மண்ணுக்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும் என்று இரண்டே வரி எழுதினார். கூடவே, யாரும் கேட்காத ஒரு பட்டியலை இணைத்தார். அந்த வாரம் இதே தப்பைச் செய்த மற்ற பத்து மேடுகளின் பெயர்கள். ஷைனி படித்துவிட்டு, ஒரு தப்புக்குக் கேட்டால் பதினொன்றைக் கொடுக்கிறீர்களே என்றார். அவற்றில் மூன்றின்மேல் இப்போது தொழிற்சாலைக் கொட்டகை நிற்கிறது, ஏழுக்குத்தான் போக வேண்டும் என்று ஜனார்தனன் அவரைத் தேற்றினார். வளையம் அங்கே என்ன சொல்லும் என்று தெரியாது. ஒருவேளை தண்ணீர் நிற்கும். நின்றால் அதையும் எழுத வேண்டியிருக்கும். அந்த மேட்டடியிலும் கிணறு இருக்கும்.

நாவக்கரணைக்குப் புது அட்டை எழுதிக்கொண்டிருந்த அன்று குணசுந்தரி போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று இவர் நினைத்தார். பழைய அட்டையை ரத்து செய்துவிட்டார்களாம், பிளாஸ்டிக் உறை போட்டதெல்லாம் வீண், புதுசு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். இந்த வாரமே என்றார் இவர். அதில் என்ன எழுதியிருக்கும் என்றார் குணசுந்தரி.

"மொதல் வரியில களி. ரெண்டாவது வரியில தண்ணி வேகமா எறங்கும்னு இருக்கும்."

மறுமுனையில் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எத்தினி பேரு ரெண்டாவது வரி வரைக்கும் படிப்பான் ஐயரே?"

போனை வைத்த பிறகு ஜனார்தனன் படிவத்தை எடுத்துக்கொண்டு ஷைனியிடம் போய், வரிகளை முன்பின்னாக மாற்றலாமா என்று கேட்டார். படிவம் மாநிலம் முழுக்க ஒன்று, மாற்ற முடியாது. தட்டச்சரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார். பிறகு பேனாவை எடுத்து, 'தண்ணீர் நிற்காது. மணிக்கு இருபது சென்டிமீட்டர், அளந்தது' என்று ஊர்ப் பெயருக்கும் மேலே, படிவத்தின் தலையில், பெரிய எழுத்தில் எழுதினார். அந்த இடத்தில் 'இங்கே எதுவும் எழுதக் கூடாது' என்று ஏற்கெனவே அச்சிட்டிருந்தது. இடம் போதாததால் அதன் மேலேயே எழுத வேண்டியதாயிற்று.